காக்காவுக்காக மெலிந்த கதை

1

கடந்த செவ்வாய்க்கிழமை பின்னேரம் இருபது வெள்ளைக்காரப் பெண்கள் எனக்குக் கைதட்டினார்கள். எனக்கு ஐம்பது வயதாகிறது. இதுவரை யாரும் எனக்குக் கைதட்டியதில்லை. எங்கள் ஊரில் கோழி விரட்டத்தான் கைதட்டுவார்கள். ஆகவே எங்கே பார்ப்பது, கையை என்ன செய்வது என்று தெரியாமல் சேலைத் தலைப்பைத் தேடினேன். நான் போட்டிருந்தது அபாயா.

நான் இருக்கும் இந்த இங்கிலாந்துச் சிறு நகரத்தில் எடை குறைக்க விரும்புபவர்கள் ஒரு மண்டபத்தில் கிழமைக்கொரு தரம் கூடுவார்கள். சப்பாத்தைக் கழற்றி, சட்டைப் பையைக் காலிசெய்து, மூச்சையும் கொஞ்சம் வெளியே விட்டுத் தராசில் ஏறுவோம். விட்ட எடை ஒரு வருடமாகத் திரும்பி வராதவர்களுக்கு நீல நாடா ஒன்று குத்துவார்கள். சந்தையில் பரிசு வாங்கிய மாட்டுக்குக் குத்துவது போல எனக்கும் குத்தினார்கள். கூட்டத்தை நடத்தும் மார்கரெட் நல்ல மனுசி. என் தோளில் கை போட்டு, "எங்களுக்குச் சொல்லுங்கள், என்ன இரகசியம்? எது உங்களை இவ்வளவு தூரம் கொண்டுவந்தது?" என்று கேட்டார்.

"டாக்டர் சொன்னார்" என்றேன்.

எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கே எல்லோருக்கும் ஒரு டாக்டர் சொல்லித்தான் இருந்தார். அது பொய்யுமில்லை. ஆனால் எந்த ஊர் டாக்டர், யாருடைய உடம்புக்காகச் சொன்னார் என்பதை நான் சொல்லவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை செய்கிறேன். "பட்டாணியா, போஞ்சியா?" என்று பிள்ளைகளிடம் கேட்கும் அளவுக்கு என் இங்கிலீசு போதும். இந்தக் கதைக்குப் போதாது. அதனால்தான் இதை உங்களுக்கு எழுதுகிறேன். நாடாவைக் கழற்றிக் கரண்டி வைக்கும் இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

2

காக்கா என்றால் என் மூத்த சகோதரர். நாங்கள் இரண்டே பேர். சாய்ந்தமருதில் பிறந்தோம். காக்கா சம்மாந்துறைப் பக்கத்து நெல் வட்டையில் வயல் செய்தவர். தண்ணீர் திறக்கும் நாளில் வாய்க்காலில் நின்று அவர் போடும் சத்தம் பக்கத்து வட்டைக்கும் கேட்கும் என்று ஊரில் பகிடி பண்ணுவார்கள்.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான் என்பது உங்களுக்குத் தெரியும். வெளியூர் ஆட்கள் இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன்: கல்யாணத்துக்கு முதல் பெண்ணுக்கு வீடு கட்ட வேண்டும், மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வருவார். வாப்பா நேரத்தோடு மௌத்தாகிவிட்டதால் என் வீடு காக்காவின் தலையில் விழுந்தது. எனக்கு வீடு கட்டி, எனக்கு மாப்பிள்ளை எடுத்து, நான் ஒரு சட்டி வைத்துச் சமைப்பதைப் பார்த்த பிறகுதான் தனக்குப் பெண் பேச விட்டார். அதற்குள் அவருக்கு முன்மண்டை வழுக்கை விழுந்துவிட்டது. சுனாமியன்று கடல் வந்து அந்த வீட்டைக் கொண்டுபோனது. மறுபடியும் அவரே நின்று கட்டினார். அந்த இரண்டாவது வீட்டில் நான் சரியாகக் குடியிருக்கவும் இல்லை. இவருக்கு, என் கணவருக்கு, இங்கே வேலை கிடைத்ததும் கைக்குழந்தையோடு வந்துவிட்டேன். வீடு இப்போதும் பூட்டிக் கிடக்கிறது. காக்காதான் கிழமைக்கொரு தரம் போய் ஜன்னல் திறந்துவிடுவார்.

அப்படிப்பட்டவருக்குச் சீனி வருத்தம் வந்தது, பிரசர் வந்தது. வாய்க்கால் வேலை இருக்கிறது என்று மருந்தைத் தவறவிட்டார். கடைசியில் மச்சி, அவர் மனைவி, தொலைபேசி எடுத்து அழுதார். நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் மச்சி என்றுதான் கூப்பிடுவோம்.

"மச்சி, உங்கட காக்காட கிட்னி ரெண்டும் போயிட்டாம். கிழமைக்கு ரெண்டு தரம் ஆஸ்பத்திரியில ரத்தம் கழுவுறாங்க. வேற ஆள்ட கிட்னி வெச்சாத்தான் நல்லமாம்."

மச்சிக்கும் சீனி வருத்தம். மகன் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. மிச்சம் நான்தான். நான் தருகிறேன் என்றதும் காக்கா குதித்தார்.

"உனக்கென்ன விசரா புள்ள? பொம்புளப் புள்ளட வயித்த வெட்டி எடுத்துத்தான் நான் மூத்திரம் பெய்யணுமா? குடுக்கிறது நான், வாங்கிறது நீ. அதுதான் எப்பவும் முறை."

"வீடு தரக்குள்ள நான் வேணாமெண்டு சொன்னனா? ரெண்டு தரம் வாயப் பொத்திக்கிட்டு வாங்கினன்தானே. இப்ப நீங்க பொத்திக்கிட்டு வாங்குங்க."

அந்தப் பக்கத்தில் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. "இவக்கிட்ட வாயால வெல்ல ஏலா" என்று மச்சியிடம் சொன்னது கேட்டது.

கொழும்புக்குப் போய் எல்லாச் சோதனையும் செய்தோம். இரத்தம் பொருந்தியது. காக்கா ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாக, டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்: "உங்கட எடை தெரியுமா?" இந்த எடையில் என்னை வெட்டினால் எனக்கே ஆபத்து என்றார். ஈரலிலும் கொழுப்புப் படிந்திருக்கிறது என்றார். "பன்னிரண்டு கிலோ குறைச்சிட்டு வாங்க. கெதியா வாங்க. அவரைக் கனகாலம் இப்பிடி வெச்சிருக்க ஏலாது."

காக்கா அந்த நிலைமையிலும் பகிடி விட்டார். "பாத்தியா? சின்ன வயசிலயே சொன்னன், உனக்குக் கொழுப்புக் கூடவெண்டு."

3

இங்கே வந்து இறங்கிய மறுநாளே ஆரம்பித்தேன். யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கணக்கு நேரானது: தின்ற கொழுப்புத்தான் உடம்பில் கொழுப்பாக நிற்கிறது. தின்னாவிட்டால் நிற்காது. இவரும் அப்படித்தான் சொன்னார். வாடகைக்கார் ஓட்டுபவர் என்பதால் இவருக்கு உலகத்தில் தெரியாத விசயம் இல்லை. "தேங்காப்பால் நேர இடுப்புக்குத்தான் போற" என்றார், தான் பாதையைக் கண்ணால் கண்டவர் போல.

தேங்காய்ப்பாலை நிறுத்தினேன். நெய், பொரியல், முட்டை மஞ்சட்கரு எல்லாவற்றையும் நிறுத்தினேன். மீனை உப்பும் மஞ்சளும் போட்டு வெறுந்தண்ணீரில் அவித்தேன். வீடு ஆஸ்பத்திரி மாதிரி மணத்தது. முதல் பிழிந்த தலைப்பால் விடாத ஆணம் என்ன குழம்பு? அதோடு சோறு இறங்குமா? இறங்குவதற்காக ஊறுகாய் தொட்டேன். தொட்ட ஊறுகாய்க்கு இன்னும் கொஞ்சம் சோறு தேவைப்பட்டது. தின்று கையைக் கழுவி இரண்டு மணித்தியாலத்துக்குள் வயிறு கூப்பிடும். அப்போது தேத்தண்ணீர் குடிப்பேன். கொழுப்பில்லாத பால், மூன்று கரண்டி சீனி.

இந்த நாட்டுக் கடைகளில் என் போன்றவர்களுக்கென்றே ஒரு வரிசை இருக்கிறது. தயிர், பிஸ்கட், கேக் எல்லாவற்றிலும் "கொழுப்பு இல்லை", "கொழுப்புக் குறைந்தது" என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தத் தயிரை வாயில் வைத்தால் வட்டிலாப்பம் தோற்றுவிடும், அவ்வளவு இனிப்பு. நான் என்ன கண்டேன்? கொழுப்பு இல்லை என்றால் இல்லைதானே என்று ஒவ்வொரு நாளும் இரண்டு கிண்ணம் தின்றேன்.

காக்கா தொலைபேசியில் முதலில் கேட்பது அதுதான். "என்ன, மெலிஞ்சிட்டியா?"

"மெலியிறன் காக்கா."

"பட்டினி கிடக்காத புள்ள. பசள போடாம விளைச்சல் எடுக்க ஏலா. நீ அங்க விழுந்தா நான் மௌத்தான உம்மாக்கு என்ன பதில் சொல்ற?"

"நீங்க டாக்டர் அளந்து தந்த தண்ணிக் கணக்கப் பாருங்க. அளவுக்கு மேல குடிக்கிறீங்களாம், மச்சி சொன்னா."

நான்கு மாதம் இப்படி ஓடியது. வேலை செய்யும் சமையலறையில் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்குப் பொரியல் அள்ளிப் போடும்போது என் வாயில் நீர் ஊறும். ஒன்றை எடுத்து வாயில் போட்டதில்லை, சத்தியமாக. நோன்பு பிடித்துப் பழகிய வாய் இது. பிறகு குடும்ப டாக்டரிடம் போய் நம்பிக்கையோடு தராசில் ஏறினேன். இரண்டு கிலோ கூடியிருந்தது.

அங்கேயே நின்று அழுதுவிட்டேன். டாக்டர் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை என் பக்கம் தள்ளிவிட்டு, உணவு ஆலோசகர் ஒருவரிடம் எழுதி அனுப்புவதாகச் சொன்னார். அந்தக் கடிதம் வர ஆறு கிழமை எடுத்தது.

4

உணவு ஆலோசகர் ஒரு சின்னப் பெண். என் மகள் ஹனாவை விட நாலைந்து வயது மூத்தவளாக இருக்கலாம். ஹனாதான் மொழிபெயர்க்க வந்தாள். அந்த நாட்களில் ஹனா என்னோடு வெளியே வருவதே அபூர்வம். வேறு நகரத்துப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. வீட்டில் இருந்தாலும் அறைக்குள்தான். எங்கள் கறி மணம் உடுப்பில் பிடிக்கிறது என்று ஜன்னலைத் திறந்து வைப்பாள். இந்தக் குளிரில்.

"நேற்று மத்தியானம் என்ன சாப்பிட்டீர்கள்?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"அவிச்ச மீன்" என்றேன்.

"அதோடு?"

"கீரை."

"வேறு?"

"வேற ஒண்டுமில்ல."

"இரவு?"

"பருப்பு. கத்தரிக்காய், பால் விடாம."

"இடையில் ஏதாவது?"

"ஒண்டுமில்ல. தேத்தண்ணி மட்டும்."

முந்தின நாள், அதற்கு முந்தின நாள் என்று எல்லாம் கேட்டாள். எல்லாம் சொன்னேன். அந்தப் பெண் நெற்றியைச் சுருக்கிக்கொண்டு என்னை மேலும் கீழும் பார்த்தாள். நான் சொன்ன சாப்பாட்டில் ஒரு குருவிகூட உயிர் தப்பாது. இரத்தத்தில் வேறு ஏதோ கோளாறு இருக்கலாம், இன்னொரு சோதனைக்கு எழுதலாமா என்று ஹனாவிடம் கேட்டாள். அப்போதுதான் ஹனாவுக்குச் சிரிப்பு வந்தது. கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"உம்மா, சோறு?"

"சோறு என்னடி?"

"சோறு தின்னல்லயா?"

"சோறு எல்லாரும் தின்னுறதுதானே! அதையும் கேக்கணுமா?"

"அவவுக்குத் தெரியாது உம்மா!"

நீங்களே சொல்லுங்கள், நான் செய்தது பிழையா? கல்முனைச் சந்தையிலிருந்து பாலமுனை வரைக்கும் பெண்கள் சந்தித்தால் கேட்பது என்ன? "இண்டைக்கு என்ன கறி?" கேட்டதற்கு மீன் என்போம், இறைச்சி என்போம், இல்லாத நாளில் சுண்டங்கத்தரி என்போம். எவ்வளவு சோறு என்று எந்தச் சீமாட்டியாவது கேட்டிருக்கிறாளா? கேட்டால் சண்டைதான் வரும். சோறு எங்களுக்குச் சாப்பாட்டுக்குள் வரும் ஒரு பொருள் இல்லை, அது நாங்கள் நிற்கும் தரை. இப்படி நான் விளக்கிக்கொண்டிருக்க, ஹனா இரண்டு கையையும் குவித்து, காற்றில் ஒரு மலையைக் கட்டி அந்தப் பெண்ணுக்குக் காட்டினாள். பிறகு தேத்தண்ணீருக்கு மூன்று விரல் காட்டினாள், ஒரு நாளைக்கு ஆறு கோப்பை என்றாள். கடைசியாகத் தயிரையும் பிஸ்கட்டையும் சொன்னாள். காட்டிக்கொடுக்க என்றே பெற்று வளர்த்திருக்கிறேன்.

அந்தப் பெண் சிரிக்கவில்லை. அதற்காக அவளுக்கு எப்போதும் துஆ செய்கிறேன். மெதுவாக விளக்கினாள். ஹனா தன் உடைந்த தமிழில் எனக்குத் தந்தாள். கொழுப்பைத் தின்றால்தான் கொழுப்பு வைக்கும் என்றில்லை. உடம்பு செலவழிக்காத எதையும் கொழுப்பாக்கி வைத்துக்கொள்ளும், சோற்றையும் சீனியையும்கூட. என் ஈரலில் படிந்ததில் அந்தச் சீனித் தேத்தண்ணீருக்கும் பங்கு இருக்கும். கொழுப்பில் சக்தி அதிகம், அதனால் அளவு வேண்டும். ஆனால் அளவோடு தின்றால் பசியைக் கொஞ்ச நேரம் தள்ளிப் பிடிக்கும். அதை முழுதாக வெட்டிவிட்டு அந்த இடத்தைச் சோற்றாலும் இனிப்பாலும் நிரப்பினால் யாரும் மெலிய மாட்டார்கள்.

"அப்ப தேங்காப்பால்?" என்றேன். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டுதான் கேட்டேன்.

தேங்காயின் கொழுப்பு இதயத்துக்கு அவ்வளவு நல்லதில்லை, அதனால் சட்டி சட்டியாக வேண்டாம், ஆனால் கறியில் ஒன்றிரண்டு கரண்டி விட்டால் உலகம் முடியாது என்றாள். சாளை மீன் தின்னுங்கள், அதிலுள்ள எண்ணெய் நல்ல எண்ணெய். முட்டையை முழுதாகத் தின்னுங்கள். பெட்டியில் எழுதியிருக்கும் "கொழுப்பு இல்லை"யை நம்பாமல், பின்பக்கத்தைத் திருப்பிச் சீனி எவ்வளவு என்று பாருங்கள். சோறு, வேக வைத்த பின் ஒரு கோப்பை.

ஒரு கோப்பை! எங்கள் வீட்டில் பூனைக்கு வைப்பது அதைவிடக் கூட.

வெளியே வந்து பேருந்துக்கு நிற்கும்போது ஹனா என் கையைப் பிடித்தாள். "மாமாவுக்கு டைம் இருக்கா உம்மா?" என்று கேட்டாள். சின்ன வயதுக்குப் பிறகு அவள் என் கையைப் பிடித்தது அன்றைக்குத்தான்.

5

பிறகு எடை இறங்கத் தொடங்கியது. கிழமைக்கு அரைக் கிலோ, சில கிழமை அதுவும் இல்லை. செவ்வாய்க்கிழமைக் கூட்டத்தில் சேர்ந்தது அப்போதுதான். ஒரு கோப்பைச் சோற்றை வட்டிலில் பரப்பி வைத்தால் பெரிதாகத் தெரியும் என்று கண்டுபிடித்தேன். சாளை ஆணத்துக்கு இரண்டு கரண்டி தலைப்பால் விட்ட முதல் நாள், அடுப்படியில் நின்று அகப்பையை நக்கினேன். சீனியில்லாத தேத்தண்ணீர்தான் கடைசிவரை பழகவில்லை. அதைக் குடிக்கும்போது யாரோ என்னைத் தண்டிப்பது போல இருக்கும்.

கடதாசி வேலை இன்னொரு பக்கம். நான் காக்காவின் தங்கச்சி என்று நிரூபிக்க வேண்டுமாம். முகத்தைப் பார்த்தால் தெரியாதா? வாப்பாவின் மூக்கை இரண்டு பேரும் பங்கிட்டு வைத்திருக்கிறோம். பிறப்புச் சான்றிதழ், அதற்கு மொழிபெயர்ப்பு, மொழிபெயர்ப்புக்கு முத்திரை, கிராம சேவகர் கையெழுத்து. இங்கே பாஸ்போர்ட் எடுத்துவிட்டதால் பிறந்த ஊருக்குப் போக நானும் வெள்ளைக்காரரோடு வரிசையில் நின்று விசா எடுக்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் நீண்ட விடுப்புக் கேட்டால், "என்ன காரணம்?" என்றார்கள். சொன்னேன். அதற்குரிய பெட்டி அவர்களின் விண்ணப்பத்தில் இல்லை. "தனிப்பட்டது" என்று போட்டோம். சில நாட்களில் எனக்கு எல்லாமே அலுத்துவிடும். வேலையால் வந்து அபாயாவோடு கதிரையில் விழுந்து கிடப்பேன். ஹனா பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். இவர் காரோடு போய்விடுவார். எனக்கும் தராசுக்கும்தான் பேச்சு.

காக்காவின் குரலும் மெலிந்துகொண்டு வந்தது. அதை நான் கேட்காதது போல இருந்தேன்.

"எத்தின கிலோ போச்சு புள்ள?"

"ஒம்பது காக்கா."

"அல்லாஹ்வே! ஒரு மூட்ட நெல்லு தூக்கின முதுகு எனக்கு, ஒம்பது கிலோ என்னண்டு தெரியும். அவ்வளவு இறைச்சியையும் எங்க போட்டிட்டு வந்த?"

"இஞ்ச குளிரில கரைஞ்சி போச்சி."

"சரி சரி. ஒபரேசன் முடியட்டும். எங்கட வீட்டுலதான் நீ படுக்கிற. புள்ள பெத்தவளுக்குப் பாக்கிற மாதிரி நாப்பது நாளும் எருமை நெய் ஊத்தி ஊத்திச் சோறு தீத்துவன். போன கொழுப்பெல்லாம் திரும்ப ஏத்தித்தான் பிளேனில ஏத்துவன்."

"அப்ப நீங்க திரும்பக் கட்டுவீங்க, நான் திரும்ப இடிக்கிறதா?"

சிரித்தார். சிரிப்பு இருமலாகப் போனது. மச்சி தொலைபேசியை வாங்கிக்கொண்டார்.

6

கூடின இரண்டும் போய், பன்னிரண்டாவது கிலோவும் ஒரு செவ்வாய்க்கிழமை இறங்கியது. மார்கரெட் இரண்டு தரம் ஏற்றிப் பார்த்தார். தராசைப் படமெடுத்துக் காக்காவுக்கு அனுப்பினேன். கட்டைவிரல் ஒன்றும், பக்கத்தில் ஒரு நெல்லுக் கதிரும் வந்தது. கதிர்ப் படத்தை மகன் தேடிக்கொடுத்திருப்பான். கொழும்பு டாக்டர் மாத முடிவில் வரச் சொன்னார். இவர் டிக்கட் போட்டார். கறுப்புப் பெட்டியில் பாதி அடுக்கிவிட்டேன்.

அடுத்த கிழமை, பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாடு நடந்துகொண்டிருந்தது. சின்னப் பிள்ளைகளின் கிண்ணங்களில் கஸ்டர்ட் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஏப்ரன் பைக்குள் தொலைபேசி அதிர்ந்தது. வேலை நேரத்தில் எடுக்கக்கூடாது. நின்றது, மறுபடி அதிர்ந்தது. வரிசையில் இன்னும் நாலு பிள்ளைகள் நின்றார்கள். அவர்களுக்கு ஊற்றி முடித்துவிட்டுத்தான் எடுத்தேன்.

காக்காவின் மகன் கதைத்தான். "மாமி" என்றான். பிறகு அவனால் முடியவில்லை. வேறு யாரோ வாங்கிச் சொன்னார்கள். காலையில் இரத்தம் கழுவிவிட்டு வீட்டுக்கு வந்தவர், கதிரையில் இருந்து செருப்பைக் கழற்றக் குனிந்திருக்கிறார். இதயம் நின்றுவிட்டது. இன்னா லில்லாஹி வ இன்னா இலைஹி ராஜிஊன்.

எங்கள் முறையில் ஜனாஸாவை அடக்காமல் வைத்திருக்க மாட்டார்கள். நான் பறந்து போய் இறங்கும்வரைக்கும் யாரும் காத்திருக்கவில்லை, காத்திருக்கச் சொல்லவும் கூடாது. அன்றைக்கே, பள்ளிக்கூட உடுப்பு மாற்றும் அறையில் வாளிகளுக்கும் துடைப்பங்களுக்கும் நடுவில் நின்று, தொலைபேசியின் சின்னக் கண்ணாடியில் காக்காவைத் தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்தேன். வாய்க்காலில் நின்று சத்தம் போட்டவர். சந்தூக்குப் பெட்டி ஒழுங்கை முனையில் திரும்பியதும் படம் உறைந்துவிட்டது.

அந்த நான்கு மாதத்தையும் ஆறு கிழமையையும் நான் நினைக்காமலில்லை. நினைத்தேன், கொழும்பு டாக்டரிடமும் கேட்டேன். காக்காவின் இதயம் முன்பே களைத்திருந்தது, ஒபரேசன் தாங்கியிருக்குமோ தெரியாது என்றார். பள்ளிவாசல் ஹசரத், அவரவர் ஹயாத்து இத்தனை நாள் என்று எழுதியபடிதான் என்றார். இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். இரண்டு பேர் சொன்னதையும் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

7

ஒபரேசனுக்கென்று வாங்கிய டிக்கட்டை மாற்றி, நாற்பதாம் நாள் ஓதும் கத்தத்துக்குப் போனேன். விமான நிலையத்தில் அதிகாரி பாஸ்போர்ட் படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். படத்தில் இருந்தவளுக்கு என்னைவிடப் பன்னிரண்டு கிலோ கூட. "நீங்கதானா?" என்றார். "ஓம், நான்தான்" என்றேன்.

மச்சி இத்தாவில், புருசன் மௌத்தானவள் வெளியே போகாமல் இருக்கும் துக்கத்தில், இருந்தார். வெள்ளைச் சேலையில் உள் அறைச் சுவரோடு சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழும்பவில்லை, கையை நீட்டினார். நான் போய் மடியில் விழுந்தேன். அவர் என் முதுகைத் தடவினார். தடவிய கை முதுகெலும்பில் நின்றது. முன்பு அந்த முதுகில் எலும்பு கைக்குப் படாது.

ஓதி முடிய, பெண்களுக்கு உள்ளே சகன் வைத்தார்கள். பெரிய தட்டில் நெய்ச்சோறு குவித்து, மேலே மாட்டிறைச்சிக் கறி. சுற்றி ஐந்து பேர் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கமாக உண்போம். நான் உட்கார்ந்தேன். என் பக்கத்துச் சோற்றில் ஒரு கோப்பை அளவைக் கை தானாகப் பிரித்தது. மிச்சத்தை ஒதுக்கியது. கொழுப்புத் துண்டை ஓரத்துக்குத் தள்ளியது. பழகிய கைக்குக் காக்கா மௌத்தானது தெரியவில்லை.

எதிரே இருந்த அயல்வீட்டுப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். துக்க வீடென்று கொஞ்சம் பொறுத்தார். பிறகு அவராலும் முடியவில்லை.

"மாஷா அல்லாஹ், மெலிஞ்சி குமருப்புள்ள மாதிரி ஆயிட்டீங்க. அங்க என்ன மருந்து குடிக்கிற? எங்களுக்கும் சொல்லித் தாங்களேன்."

மற்றப் பெண்களும் நிமிர்ந்தார்கள். ஆசையாகத்தான் கேட்டார்கள், ஒருவர் மனதிலும் கள்ளமில்லை. அன்றைக்கு எனக்குத் தமிழும் போதவில்லை.

சுவரோடு இருந்த மச்சி எழும்பினார். குசினிக்குள் போய் ஒரு போத்தலோடு வந்தார். ஓலைப்பெட்டியில் வைத்திருந்த, வாய் கட்டிய நெய்ப் போத்தல். துணியை அவிழ்த்தார். குனிந்து, நான் ஒதுக்கிய சோறு, பிரித்த சோறு, தள்ளிய இறைச்சி எல்லாவற்றின் மேலும் ஊற்றினார். நெய் என் பக்கம் முழுக்க ஓடியது.

"இது உங்கட பங்கு மச்சி" என்றார். "வட்டைக்குப் போக ஏலாத காலோட ஓட்டோ புடிச்சிப் போய் எருமக்காரன்ட வாங்கி வெச்சவர். ஒபரேசன் முடிஞ்சா நாப்பது நாளும் தங்கச்சிக்கு இத ஊத்திக் குடு, மெலிஞ்சி போய்க் கிடப்பா எண்டவர். உண்ணுங்க. இனி யாருக்கு மெலியிற?"

அயல்வீட்டுப் பெண் வாயில் வைத்த பிடியை விழுங்காமல் இருந்தார்.

நான் பிசைந்தேன். ஒதுக்கியதையும் இழுத்துப் பிசைந்தேன். கொழுப்புத் துண்டை எடுத்து வாயில் வைத்தேன். கண்ணீர் சகனில் விழக்கூடாதென்று தலையைத் திருப்பித் திருப்பி, என் பக்கத்துத் தட்டு வெளிக்கும்வரை உண்டேன். காக்கா வாங்கிய நெய். ருசியாக இருந்தது. அல்லாஹ்வே, அவ்வளவு ருசியாக இருந்தது.